வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே

கொல்கத்தாவின் பழைய வீட்டு ஜன்னலுக்குத் திறப்பது, சாத்துவது என்ற இரண்டு வேலைகளுக்கு நடுவே இன்னும் பல வேலைகள் தெரியும். ஜன்னல் கதவின் சட்டத்துக்குள் இரண்டு மூன்று விரல் அகலமுள்ள மரப்பட்டைகள் கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கும். அத்தனை பட்டைகளையும் ஒரு நெட்டுக்குச்சி நடுவில் கோத்து வைத்திருக்கும். குச்சியை மேலே தள்ளினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சுவராகிவிடும். கீழே இழுத்தால் சாய்ந்து நிற்கும். காற்று வரும், வெயில் வராது. மழைநாளில் பட்டைகளின் சரிவு வெளிப்பக்கமாக இறங்குவதால் சாரல் தெருவோடு போய்விடும், ஈரக்காற்று மட்டும் அறைக்குள் வரும். வங்காளிகள் இதைக் கொர்கொரி என்கிறார்கள். பெரும்பாலும் பச்சை வண்ணம் அடித்திருக்கும்.

நான் குடியிருக்கும் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், 1930களில் கட்டியது. வீட்டுக்காரம்மாவை எல்லாரும் மாசிமா என்றுதான் கூப்பிடுகிறோம். கொர்கொரியைக் கையாள அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "காலையில கிழக்க மூடிடும்மா. மத்தியானம் மேற்க மூடு. தெற்க மட்டும் எப்பவும் மூடாத, பட்டையச் சாச்சு வை." கால்பைசாகி வரும் சித்திரை, வைகாசி மாலைகளில் மட்டும் இந்த விதிக்கு விலக்கு உண்டு. வடமேற்கில் வானம் கறுத்துத் தூசி கிளம்பியதும் வீடு முழுக்கக் குச்சிகள் படபடவென்று மேலேறும். அரைமணி நேரம் கழித்து, மழை ஓய்ந்ததும், எல்லாம் கீழிறங்கும்.

தெற்குக் காற்றுக்கு இந்த ஊரில் விலை உண்டு. அடுக்ககம் விற்பவர்கள் 'தொக்கின் கோலா', அதாவது தெற்குப் பக்கம் திறந்த வீடு என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். கோடையில் வங்கக் கடலிலிருந்து வரும் அந்தக் காற்றை நாம் தென்றல் என்று அறிவோம். மாசிமாவின் ஜன்னல் அந்தக் காற்றுக்காகவே செய்த கருவி. மின்விசிறி இல்லாத காலத்தில் ஒரு தச்சர், இந்த ஊரின் வெயிலையும் மழையையும் காற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, மூன்றுக்கும் ஒரே மரக்கதவில் பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை குச்சியை அசைத்தாலும் எனக்கு அந்த வியப்பு குறைவதில்லை.

*

சோவாபஜார், பாக்பஜார், பாதுரியாகாட்டா, ஜோராசாங்கோ. வடக்குக் கொல்கத்தாவின் இந்தப் பகுதிகளில் ஒரு வீட்டுக்குள் போவதற்கு நேரம் பிடிக்கும். தெருவிலிருந்து நேரே அறைக்குள் கால் வைக்க முடியாது.

முதலில் ரொக். தெருவை ஒட்டி, வாசலுக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிய திட்டு. நம் ஊர்த் திண்ணையின் உறவு, ஆனால் அதே திண்ணை அல்ல. திண்ணைக்குத் தூணும் கூரையும் உண்டு. அது வீட்டின் பகுதி. ரொக்கு பெரும்பாலும் கூரை இல்லாமல் தெருவோடு ஒட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் கட்டியது, தெருக்காரர்கள் உட்காருவது. கால்பந்து, அரசியல், வேலை கிடைக்காத கவலை எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். தன்தனியா போன்ற தாழ்ந்த பகுதிகளில் ஒரு நல்ல மழைக்குத் தெரு குளமாகிவிடும். அந்த நாட்களில் ரொக்குதான் கரை.

பிறகு கனத்த மரக்கதவு. வெளியே இரும்பு வளையம், உள்ளே குறுக்காகப் போடும் மரத் தாழ். கதவைத் தாண்டினால் ஓர் இருட்டு நடை, நம் ரேழியைப் போல. பக்கத்திலேயே ஆண்கள் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் பைட்டக்கானா. நடையின் முடிவில் கண் கூசும் வெளிச்சத்தில் உட்டோன் என்னும் முற்றம். முற்றத்தின் ஒரு பக்கம் உயர்ந்த மேடைமேல் வளைவுகள் வைத்த தாகுர் தாலான், துர்க்கை வந்து தங்கும் இடம். சோவாபஜார் அரண்மனை வீட்டில் நவகிருஷ்ண தேவ் 1757இல் தொடங்கிய பூஜை இன்றும் அந்த வளைவுகளுக்குக் கீழேதான் நடக்கிறது. முற்றத்தைச் சுற்றி மாடியில் தாழ்வாரம், வார்ப்பிரும்புக் கம்பி வேலைப்பாடு. அதற்கும் உள்ளே பெண்களின் பகுதியான அந்தர்மஹால். எல்லாவற்றுக்கும் மேலே சாத், மொட்டை மாடி.

வெளியில் நிற்கும் தூண்களின் தலைப்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. செங்கல்லில் எழுப்பி, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்பொடியும் கலந்து பூசி, இலைகளைச் செதுக்கியிருப்பார்கள். முற்றமோ இந்த மண்ணின் பழக்கம். வெள்ளைக்காரர் வீட்டைப் பார்த்துச் செய்தது என்று சிலர் இவ்வீடுகளை ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. தூணைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர் வாசலோடு திரும்பிவிட்டவர். உள்ளே போனால்தான் வீடு எப்படி யோசிக்கிறது என்று தெரியும். இரவில் முற்றத்தில் இறங்கிய குளிர்ச்சியைப் பகல் ஏறும்வரை அறைகளுக்குப் பங்கிடுவது, வெயில் ஏறியபின் சூட்டை மேலே அனுப்புவது, மழையை நடுவில் வாங்கி வடித்துவிடுவது, நூறு பேர் கூடும் நாளில் அத்தனை பேரையும் ஏற்பது என்று அந்த ஒரு வெற்றிடத்துக்கு இருக்கும் வேலைகள் தூணுக்கு இல்லை.

*

இவ்வீடுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துருக்கி வீடுகள் நினைவுக்கு வருகின்றன. படங்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே பார்த்தவை. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சஃப்ரன்போலு என்ற ஊர் முழுக்க அப்படிப்பட்ட வீடுகள். கீழ்த்தளம் கல், தெருவுக்கு முகம் காட்டாத சுவர். மேல்தளம் மரச்சட்டம், வரிசையாக ஜன்னல்கள். அந்த மேல்தளம் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். வடக்குக் கொல்கத்தாவின் ஜூல் பாராந்தா, அதாவது தொங்கு தாழ்வாரம், சந்தின் மேல் நீட்டிக்கொண்டு எதிர்வீட்டுத் தாழ்வாரத்தோடு பேசுகிற தூரத்தில் நிற்பதும் இப்படித்தான்.

துருக்கி வீட்டின் நடுவே சோஃபா என்றொரு பொதுக்கூடம் இருக்கும். நாம் உட்காரும் சோஃபா அல்ல. எல்லா அறைகளும் வந்து திறக்கும் இடம். அறை ஒவ்வொன்றும் ஒரு தனி வீடு போன்றது. ஜன்னலடியில் சுவரை ஒட்டி உட்காரும் மேடை, எதிர்ச்சுவரில் படுக்கைகளை மடித்து வைக்கும் அலமாரி. பகலில் அங்கேயே உட்காருவார்கள், சாப்பிடுவார்கள். இரவில் படுக்கையை எடுத்து விரிப்பார்கள். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சார்த்தியதும் படுக்கையறை கூடமாகிவிடும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் விருந்தினரைப் பார்க்கும் பகுதி, பெண்கள் புழங்கும் பகுதி என்ற பிரிவும் அங்கே உண்டு.

1911இல் இருபத்து நான்கு வயது நிரம்பாத ஓர் இளைஞர் கீழைநாட்டுப் பயணமாக இஸ்தான்புல் வந்து, அந்த மரவீடுகளை ஓவியக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு போனார். பின்னாளில் லெ கொர்பூசியே என்று பெயர் வைத்துக்கொண்டு சண்டிகரைத் திட்டமிட்டவர் அவர்தான். ஆனால் என் மனம் அதிகம் நிற்பது செதாத் ஹக்கி எல்தெம் என்ற துருக்கியரிடம். 1908இல் பிறந்தவர். 1934இல் இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கி, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிப் பழைய வீடுகளை அளந்து வரைய வைத்தார். பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த வரைபடங்களில் பெரும்பகுதி 1948இல் கழகக் கட்டடத்தில் பிடித்த தீயில் எரிந்துபோனது. எஞ்சியதை வைத்துக்கொண்டு 1954இல் துருக்கி வீட்டின் தரைத்திட்ட வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எண்பதுகளில், வயது எழுபத்தைந்தைக் கடந்தபின், அதையே பெரிய தொகுதிகளாக விரித்தார். 1988இல் காலமானார்.

அவர் கட்டியவற்றைப் பார்த்தால் அளந்ததன் பலன் தெரிகிறது. 1947–48இல் இஸ்தான்புல்லில் தாஷ்லிக் காப்பிக் கடையைக் கட்டினார். பாஸ்பரஸ் கரையில் 1699இல் எழுந்த ஒரு மரமாளிகையின் கூடம்தான் அதற்கு மூலம். நீட்டிய மேல்தளம், அடுத்தடுத்த ஜன்னல், அகன்ற கூரை விளிம்பு எல்லாம் அங்கே இருந்தன, கான்கிரீட் துணையோடு. 1960களில் ஜெய்ரெக் சரிவில் அவர் கட்டிய சமூகப் பாதுகாப்பு அலுவலகம் ஒரே பெரிய பாறையாக நிற்காமல், பக்கத்து மரவீடுகளின் அளவுக்குத் தன்னைத் துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. 1986இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

துருக்கி வீடு என்று எல்தெம் பெயரிட்டதில் கிரேக்கரும் ஆர்மீனியரும் பால்கன் மக்களும் வாழ்ந்த வீடுகளும் அடக்கம். அது யாருடைய வீடு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வீட்டைக் கட்டிய கைக்கு இனம் கேட்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் எடுத்த அளவுகள் எல்லாருக்கும் பயன்படுகின்றன.

*

பழைய வீட்டைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தர்மஹாலில் பிறந்து, வேறொரு அந்தர்மஹாலுக்கு மணமாகிப் போய், அங்கேயே இறந்துபோன பெண்களுக்குக் கொர்கொரி காற்று வாங்கும் கருவி மட்டும் அல்ல. தெருவைப் பார்க்க அவர்களுக்கு இருந்த ஒரே வழியும் அதுதான். பார்க்கலாம், பார்க்கப்படக் கூடாது.

1964இல் சத்யஜித் ராய் எடுத்த 'சாருலதா'வின் தொடக்கக் காட்சியை யாராலும் மறக்க முடியாது. சாரு ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பட்டைகளை விலக்கி, கையடக்கத் தொலைநோக்கியால் தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறாள். பன்சி சந்திரகுப்தாவின் அரங்க அமைப்பில் அந்த வீடு செல்வத்தாலும் வெறுமையாலும் நிரம்பியிருக்கிறது. வெளியே போகும் மனிதர்கள் பட்டைகளின் இடுக்கில் கோடு கோடாகத் தெரிகிறார்கள். கொர்கொரியைப் பற்றி இதைவிட உண்மையான ஆவணம் இல்லை என்பேன்.

ஆண் குழந்தைக்கும் ஒரு சிறை இருந்தது. ஜோராசாங்கோ வீட்டில் 1861இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர், சிறுவயதில் தன்னைக் கவனித்துக்கொண்ட வேலையாள் சாக்குக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் உட்கார வைத்துவிட்டுப் போவதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வட்டத்தைத் தாண்டப் பயந்து, ஜன்னல் பட்டைகள் வழியாகக் கீழே இருந்த குளத்தையும் ஆலமரத்தையும் பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வட்டத்துக்குள் இருந்த அந்தப் பையன் வளர்ந்தபின் வீடுகளில் நிலைகொள்ளவே இல்லை. சாந்திநிகேதனில் உத்தராயண் வளாகத்துக்குள்ளேயே கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீச்சி என்று ஒன்றை விட்டு ஒன்றுக்குக் குடிபோனார். வடிவமைப்பில் பெரும் பங்கு சுரேந்திரநாத் கருக்கு உண்டு. ஓவியராகத் தொடங்கிக் கட்டடக்காரர் ஆனவர். 1935இல் எழுந்த சியாமளி, கூரைவரை மண்ணால் ஆன வீடு. நந்தலால் போஸும் கலாபவன் மாணவர்களும் அதன் வெளிச்சுவரில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார்கள். 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் வந்தபோது அங்கேதான் தங்கினார்கள்.

சியாமளியையும் அதன் பக்கத்து வீடுகளையும் நான் ஜோராசாங்கோவுக்கு எழுதிய பதிலாகவே பார்க்கிறேன். தாழ்வாரம் இருக்கிறது, திறந்த மாடம் இருக்கிறது, காற்று வரும் வழி இருக்கிறது. அந்தர்மஹால் இல்லை. பழைய வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அந்த வீட்டிலேயே மூச்சுமுட்டிய ஒருவர் பொறுக்கியிருக்கிறார். சாந்திநிகேதனை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கவிஞரின் ஊர் என்பதற்காகவே பலர் அங்கே போகிறார்கள். வீடுகளைச் சுற்றி நின்று நிதானமாகப் பார்க்கிறவர் குறைவு.

*

தெற்கே ஏரிப் பக்கம் நடந்த மாற்றம் வேறு வகை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் டாகுரியா சதுப்பில் ஏரியைத் தோண்டி, சுற்றிலும் தெருக்கள் போட்டு மனைகளாகப் பிரித்தது. இன்று அந்த ஏரி ரவீந்திர சரோவர். 1958இல் வைத்த பெயர். அந்த மனைகளில் வக்கீல்கள், மருத்துவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் வீடு கட்டினார்கள். ரயில்வேயிலும் கணக்காயர் அலுவலகத்திலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறியதும் இதே தெருக்களில்தான். லேக் மார்க்கெட்டில் இன்றும் வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கிடைப்பது அவர்கள் வந்த வழி.

அப்போது கான்கிரீட் வந்துவிட்டது. பழைய வீட்டில் கொரியும் பொர்காவும், அதாவது உத்தரமும் குறுக்குக் கட்டையும், எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறை. கம்பி கட்டிய கான்கிரீட் வளையும், நீளும். உலகம் முழுக்கப் பரவியிருந்த ஆர்ட் டெக்கோ பாணி சினிமாக் கொட்டகைகளின் வழியாகவும் பத்திரிகைகளின் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது. அரைவட்டத் தாழ்வாரங்கள், கப்பலின் வட்ட ஜன்னல்கள், மாடிப்படிச் சுவரில் நெட்டுக் கண்ணாடி, கம்பி வேலையில் உதயசூரியன்.

ஆனால் மேஸ்திரிகள் பழக்கத்தை விடவில்லை. நான் இருக்கும் வீட்டையே சொல்கிறேன். முன்பக்கத்தில் அரைவட்டத் தாழ்வாரம். அசப்பில் கப்பலின் மேல்தளம். அதன் கீழே, தெருவை ஒட்டி, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு ரொக். வளைந்த சுவரில் பொருந்தும்படி கொர்கொரிகளைக் குறுகலாக்கி வரிசையாக வைத்திருக்கிறார்கள். பெரிய முற்றத்துக்கு மனையில் இடமில்லாததால், பின்பக்கம் படிக்கட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவே பத்தடிக்குப் பத்தடி வெட்டவெளி. வேலைக்காரப் பெண் பாத்திரம் துலக்குவதும், மாசிமா துளசிக்கு விளக்கு வைப்பதும், மேலே இருக்கும் நான் கீழே இருப்பவர்களிடம் தேங்காய் துருவியைக் கேட்பதும் அந்த வெட்டவெளி வழியாகத்தான்.

தரை, ரெட் ஆக்சைடு சிவப்பு. சுவரோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கரை. நம் ஊரிலும் பாட்டி வீடுகளில் இருந்த தரைதான். தொண்ணூறு ஆண்டு துடைத்துத் துடைத்து அதில் ஓர் ஆழம் வந்திருக்கிறது. கூடத்துக் கதவருகே மட்டும், எல்லாரும் திரும்பும் இடத்தில், கறுப்புக் கரை தேய்ந்து சிவப்போடு கலந்துவிட்டது. வைகாசி மத்தியானத்தில் வெறும் தரையில் படுத்தால் அதன் குளிர்ச்சி முதுகு முழுக்க ஏறும். இந்தத் தரையை இட்டவர் பெயரோ வீட்டை வரைந்தவர் பெயரோ மாசிமாவுக்குத் தெரியாது. பத்திரத்திலும் இல்லை.

எல்தெம் போன்ற ஒருவர் செய்ததை ஏரிப் பக்கத்தில் பெயர் தெரியாத ஐம்பது பேர் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். பழைய வீட்டின் திட்டத்தைப் புதிய பொருளுக்குள் கொண்டுபோனதை நவீனக் கட்டடக்கலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

*

சாத் பற்றி ஒரு குறிப்பு.

கொரி, பொர்காவின் மேல் ஓடுகளைப் பரப்பி, சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்டுவார்கள், தாளத்துக்குப் பாட்டு. வங்க நாட்டுப்பாடல்களில் கூரை தட்டும் பாட்டு என்றே ஒரு வகை உண்டு. தமிழ்நாட்டில் மெட்ராஸ் டெரஸ் போட்டதும் இப்படித்தான். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சாய்கோணத்தில் நிறுத்தி வைத்து, மேலே சுண்ணாம்புச் சல்லியைப் போட்டுக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தட்டினார்கள். ஆயிரம் மைல் இடைவெளியில் இரண்டு துறைமுக ஊர்கள் ஒரே மாதிரியான கூரையைப் போட்டிருக்கின்றன. மரமும் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்ததாகவே இருக்கும். காரைக்குடி வீட்டுத் தூண்களுக்கும் கொல்கத்தாக் கொர்கொரிகளுக்கும் தேக்கு கொடுத்தவை பர்மாக் காடுகள்.

அந்தர்மஹால் பெண்களுக்குத் திறந்த வானம் கிடைத்தது சாத்தில் மட்டும்தான். ஊறுகாய் காயவைக்கப் போகிறோம் என்று போய், பக்கத்து வீட்டுச் சாத்தில் நிற்பவளோடு பேசிவிட்டு வருவார்கள். இன்றும் விஸ்வகர்மா பூஜையன்று வடக்குக் கொல்கத்தா முழுவதும் சாத்தில் நின்றுதான் காற்றாடி விடுகிறது.

*

பழைய வீடு புதிய கட்டடத்தின்மேல் செலுத்தும் செல்வாக்கு என்ற பேச்சில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. புதிய அடுக்ககங்களின் முகப்பில் பச்சைப் பட்டை ஜன்னல்களைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். நடுவில் திறக்காத கண்ணாடி, இரண்டு பக்கமும் அசையாத பட்டைகள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். பாரம்பரிய முகப்பு என்று விளம்பரத்திலும் எழுதுகிறார்கள். இதைக் கொர்கொரியின் செல்வாக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அசையாத பட்டைக்கு ஜன்னல் என்று பெயரில்லை.

செல்வாக்கு வேறு இடங்களில் இருக்கிறது. சால்ட் லேக்கில் 2004இல் திறந்த சிட்டி சென்டர், சார்லஸ் கொரயா வரைந்தது. வணிக வளாகம்தான். ஆனால் குளிரூட்டிய ஒரே பெட்டியாக அவர் அதைக் கட்டவில்லை. சந்துகள் போல நடைவழிகள் விட்டு, நடுவில் குளத்துப் படிக்கட்டு போன்ற திறந்தவெளியை வைத்தார். ஒரு பைசா செலவழிக்காத பிள்ளைகள் மாலையெல்லாம் அந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பழைய வீட்டுத் தூண் கிடையாது, பச்சைப் பட்டை கிடையாது. ஆனால் ரொக் இருக்கிறது. கட்டியவர் ஒருவர், உட்காருகிறவர் இன்னொருவர் என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது.

கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960–62இல் ஏனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்குக் கட்டிய வீடும் இதே பாடம். நகரத்துச் சிறு மனையில், நடுவே முற்றத்தை வைத்து, அறைகளை அதைச் சுற்றி அடுக்கி, தெருவுக்குச் சுவரைக் காட்டினார். மனை கைமாறி இடிக்கும் நிலை வந்தபோது அந்த வீட்டை ஒவ்வொரு பொருளாக எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தினார்கள். அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பிரிப்பதற்கு முன் அணு அணுவாக அளந்து வரைந்ததுதான்.

*

எங்கள் தெருவில் இடிபாடு தொடங்குவது எப்போதும் ஒரே மாதிரிதான். தாத்தா கட்டிய வீட்டுக்கு ஆறேழு பங்காளிகள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். கூரை ஒழுகும், சரிசெய்ய யாருக்கும் மனம் வராது. பிறகு புரமோட்டர் வருவார். கொல்கத்தாவில் அடுக்ககம் கட்டுகிறவருக்கு அந்தப் பெயர்தான். ஆளுக்கு ஒரு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும் என்று பேச்சு முடியும். முதலில் கழற்றுவது கொர்கொரிகளை. பழைய மரத்துக்கு விலை உண்டு. கடைசியில் தரை. சிவப்புத் தரையைக் கழற்றி எடுக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

பங்காளிகளை நான் குறைசொல்ல மாட்டேன். ஒழுகும் வீட்டில் வயதானவர்களை வைத்துக் காப்பது எவ்வளவு கடினம் என்று மாசிமா வீட்டில் பார்க்கிறேன். மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் கட்டடங்களுக்குத் தரவரிசை உண்டு. பெரிய மாளிகைகளும் பெரியவர்கள் பிறந்த வீடுகளும் அதில் இருக்கின்றன. வக்கீலும் வாத்தியாரும் கட்டிய வீடு அதில் வர வழியில்லை. எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015இல் தொடங்கிய இயக்கம் சொன்னதும் இதைத்தான்: இந்நகரத்தின் தனித்த கட்டடக்கலை பவானிபூர், ஹிந்துஸ்தான் பார்க் போன்ற பகுதிகளின் சாதாரண வீடுகளில் இருக்கிறது, தனி மாளிகைகளோடு தெருக்களையும் சேர்த்துக் காக்க வேண்டும். அமர்த்தியா சென் போன்றவர்கள் அதற்கு ஆதரவு தந்தார்கள். அதன்பின் பேச்சு கூடியது. சில வீடுகள் பழுதுபார்த்து விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மறுவாழ்வு பெற்றன. இடிப்பதும் நிற்கவில்லை.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அளக்காமல் இடிப்பதை ஏற்க முடியவில்லை. எல்தெமின் மாணவர்கள் வரைந்த வீடுகளில் பலவும் இன்று இல்லை, எரிந்தன, இடிந்தன. தாளில் எஞ்சியவற்றைக் கொண்டு ஒரு தலைமுறை கட்டடக்காரர்கள் பாடம் கற்றார்கள்.

போன மாதம் மாசிமாவின் அனுமதியோடு டேப்பை எடுத்துக்கொண்டு இந்த வீட்டை அளக்கத் தொடங்கினேன். கொர்கொரியின் பட்டை அகலம், இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், ஜன்னலடிச் சுவரின் உயரம், ரொக்கின் ஆழம். ரொக்கு பதினெட்டு அங்குல உயரம், நாற்காலி உயரம். யாரோ யோசித்து வைத்த அளவு. மாசிமா முதலில் சிரித்தார். பிறகு டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்குக் கும்பகோணத்திலோ, காரைக்குடியிலோ, யாழ்ப்பாணத்திலோ, கொல்கத்தாவிலோ பங்காளிகளோடு சேர்ந்து ஒரு பழைய வீடு இருக்கும். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விடுமுறைநாளை மட்டும் அந்த வீட்டுக்குக் கொடுங்கள். அறைகளையும் ஜன்னல்களையும் முற்றத்தையும் அளந்து, எது கிழக்கு எது தெற்கு என்று குறித்து, ஒரு தாளில் வரையுங்கள். படம் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்த மாதம் யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்தில் உள்ள கட்டடக்கலைக் கல்லூரியில் கொடுத்துவிடுங்கள். இங்கே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலும் சிப்பூரிலும் அந்தத் துறைகள் இருக்கின்றன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.